அப்பா அம்மாவோட பாங்காக்: ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போறது?

தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புறோம். அதிகாலை பாங்காக் சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இறங்கணும். அம்மா சுத்த சைவம். என்னென்ன கவனிக்கணும்?

ராயபுரம்காரன்:
முதல்ல டிஜிட்டல் வருகை அட்டை. இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள தாய்லாந்து குடிவரவுத் துறை தளத்திலேயே போடுங்க, இலவசம். காசு கேட்கிற தளம் எதுவும் அசல் இல்ல. விசா விதி அடிக்கடி மாறுது, டிக்கெட் போடும் முன்னாடி தூதரகத் தளம் பாருங்க.

வருகைக் கூடத்துல பணம் மாத்தாதீங்க. நேரா அடித்தளத்துக்கு இறங்குங்க, ரயில் நுழைவாயில் பக்கத்துக் கவுன்டர்கள்ல ரேட் நல்லா இருக்கும். கசங்கின, கிறுக்கின டாலர் நோட்டைத் திருப்பிடுவாங்க. அங்கிருந்தே ரயில், ஊருக்குள்ள இருக்கிற பயா தாய் ஸ்டேஷன் வரை 45 பாட் (தாய்லாந்துப் பணம்), அரை மணி நேரம். பெட்டி நிறைய இருந்தா பெரியவங்களுக்கு மீட்டர் டாக்சிதான் சரி.

பெரம்பூர் அக்கா:
அரண்மனைக்கு (கிராண்ட் பேலஸ்) பயா தாய்ல மேம்பால ரயில் ஏறி, சியாம் ஸ்டேஷன்ல மாறி சபான் தக்சின் ஸ்டேஷன் போங்க தம்பி. கீழேயே படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி படகுல ஏறி தா சாங் துறையில இறங்கணும். நீலக்கொடி டூரிஸ்ட் படகு, காசு அதிகம். நுழைவு 500 பாட், மதியம் மூன்றரைக்கு டிக்கெட் நிறுத்திடுவாங்க. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கூடாது. "இன்னைக்கு மூடியாச்சு"ன்னு வாசல்ல யாராவது டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) காட்டினா நம்பாதீங்க, கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க.

அம்மாவுக்கு "கின் ஜே"ன்னு சொல்லுங்க, சுத்த சைவம் சாப்பிடுறவங்கன்னு அர்த்தம். வெறும் காய்கறின்னு சொன்னா மீன் சாறு ஊத்திடுவாங்க. மஞ்சள் கொடி போட்ட கடை நல்லது, பூண்டு வெங்காயமும் இருக்காது. சிலோம் மாரியம்மன் கோவிலையும் விட்டுடாதீங்க, தமிழர்கள் கட்டினது.

கேட்டவர்:
நன்றி அக்கா, அண்ணே. இங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு?

ராயபுரம்காரன்:
மெட்ரோ நீலப் பாதை, மாறவே வேணாம். ராத்திரி 11க்கு மேல ஓடாது, முன்னாடியே ஏறிடுங்க.