பிசினஸ் இன்டெலிஜென்ஸ் துறையில் முதல் வேலை: எதிலிருந்து தொடங்குவது?

இளம்பிறை:
வணக்கம். தகவல் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். ஜாவா, அடிப்படை எஸ்கியூஎல் (டேட்டாபேஸிலிருந்து தரவைக் கேட்டெடுக்கும் மொழி), டேட்டாபேஸ் நார்மலைசேஷன் ஆகியவற்றைக் கல்லூரியில் படித்தேன். நிரல் எழுதுவதைவிட, அது சேர்த்துவைக்கும் தரவைப் பார்த்து ஒரு நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்று கண்டறிவதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால், பிசினஸ் இன்டெலிஜென்ஸ் (பிஐ) துறையில் வேலை தேட முடிவு செய்திருக்கிறேன். ஆனால் தரவை வரைபடங்களாகக் காட்டும் கருவிகளில் வேலை அறிவிப்பு ஒன்றில் பவர் பிஐ கேட்கிறார்கள், இன்னொன்றில் டேப்லோ, மற்றொன்றில் பைத்தானும் ஈடிஎல்லும் (தரவை எடுத்து, மாற்றி, வேறிடத்தில் ஏற்றும் பணி) கேட்கிறார்கள். எதை முதலில் படிப்பது? முன்அனுபவம் இல்லாதவர்களை எந்தப் பதவிக்கு எடுப்பார்கள்? சான்றிதழ்த் தேர்வு எழுதினால் பயன் உண்டா? வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தமிழ்மாறன்:
முதலில் எஸ்கியூஎல். டேப்லோ நிறுவனம் தொடங்கியது 2003இல். பவர் பிஐ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2015இல். இரண்டும் பெரும்பாலும் தரவை எடுத்துக்கொள்ளும் ரிலேஷனல் டேட்டாபேஸ் முறையை, அதாவது தரவை ஒன்றோடொன்று தொடர்புடைய டேபிள்களாக வைக்கும் முறையை, கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970லேயே முன்வைத்துவிட்டார். எந்தக் கருவியில் உட்கார வைத்தாலும் உங்களுக்குத் துணை வருவது அந்த அடிப்படைதான்.

கல்லூரியில் படிக்கும் எஸ்கியூஎல் பெரும்பாலும் ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வரிகளைத் தொகுப்பது) என்ற அளவோடு நின்றுவிடுகிறது. இந்த வேலையிலோ, நீங்கள் கொடுக்கும் கூட்டுத்தொகை சரியானது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்பதே கேள்வி. 1000 மதிப்புள்ள ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3 பொருள்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் 2 தவணைகளில் பணம் கட்டியிருக்கிறார். ஆர்டர் டேபிளைப் பொருள் டேபிளோடும் தவணை டேபிளோடும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் 6 வரிகள் வரும்; ஆர்டர் மதிப்பைக் கூட்டினால் 1000 என்பது 6000 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டும் அந்த 6000த்தை அழகாகவே காட்டும். இதைக் கண்டுபிடித்த பிறகும் பலர் சம் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் கூட்டுவது) போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அப்போது 1000 மதிப்புள்ள வேறோர் ஆர்டர் வந்தால் இரண்டும் ஒன்றாக எண்ணப்பட்டு, 2000 இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் 1000தான் நிற்கும். பொருள்களையும் தவணைகளையும் தனித்தனியே ஆர்டர் வாரியாகத் தொகுத்துவிட்டு, அதன் பிறகு ஜாயின் செய்வதே சரியான வழி.

எந்த டேபிளைத் திறந்தாலும், அதில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுகளில் நான் கேட்பதும் இதைத்தான். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் எந்தக் கருவியையும் வேலையில் சேர்ந்த பிறகே கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நன்முல்லை:
தமிழ்மாறன் சொன்னதோடு டேட்டா மாடலிங்கையும், அதாவது டேபிள்களை எப்படி அமைப்பது என்பதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். நார்மலைசேஷன் படித்தவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஒரே விவரம் இரண்டு இடங்களில் பதிவாகி முரண்படாமல் இருப்பதற்காக டேபிள்களைப் பிரிப்பது நார்மலைசேஷன். ரிப்போர்ட்டுக்காகத் தரவைச் சேர்த்துவைக்கும் டேட்டா வேர்ஹவுஸிலோ, படிப்பதும் தொகுப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிரித்தவற்றில் சிலவற்றை மீண்டும் சேர்க்கிறோம். டேட்டா வேர்ஹவுஸ் வல்லுநர் ரால்ஃப் கிம்பால் 1990களில் பரவலாக்கிய ஸ்டார் ஸ்கீமாவில் விற்பனை போன்ற நிகழ்வுகள் நடுவில் ஃபேக்ட் டேபிளாகவும், பொருள், வாடிக்கையாளர், தேதி ஆகியவை அதைச் சுற்றி டைமென்ஷன்களாகவும் (விவர டேபிள்களாகவும்) அமைகின்றன.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் அட்வென்ச்சர்வொர்க்ஸ் மாதிரி டேட்டாபேஸை இறக்கிக்கொள்ளுங்கள். கற்பனையான ஒரு சைக்கிள் நிறுவனத்தின் தரவு அது; அன்றாடப் பதிவுக்கான வடிவம், வேர்ஹவுஸ் வடிவம் என இரண்டும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வேர்ஹவுஸின் பொருள் டேபிளில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். ஒரு பொருளின் அடக்கவிலை மாறும்போது பழைய வரியை அழிக்காமல், முடிவுத் தேதி இட்டுவிட்டுப் புதிய வரியைச் சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. அப்படிச் செய்தால்தான் பழைய விற்பனையின் லாபம் பழைய அடக்கவிலையிலேயே கணக்காகும்.

செழியன்:
இருவரும் சொன்னவை உண்மைதான். ஆனால் கருவியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் நான் மாறுபடுகிறேன். பல இடங்களில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் தொழில்நுட்பக் குழுவில் இருப்பவரல்லர். அறிவிப்பில் உள்ள கருவியின் பெயர் இல்லையென்றால், எஸ்கியூஎல் தெரியும் என்று நீங்கள் நிரூபிக்கும் வாய்ப்பே வராமல் போகலாம். ஆகவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எஸ்கியூஎல்லோடு சேர்த்தே படியுங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

சான்றிதழைப் பொறுத்தவரை, பவர் பிஐ அனலிஸ்டுக்கான தேர்வு பிஎல்-300. தேர்ச்சிக்கு 1000க்கு 700 வேண்டும், பின்னர் ஆண்டுதோறும் இணையத்திலேயே கட்டணமின்றிப் புதுப்பிக்கலாம். விண்ணப்பம் கண்ணில் படுவதற்கு அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பதவியின் பெயரில் பிஐ இருந்தே ஆக வேண்டும் என்றும் காத்திருக்காதீர்கள். எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான அறிக்கைகள் தயாரிக்கும் பணி), ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், அப்ளிகேஷன் சப்போர்ட் ஆகியவையும் நல்ல நுழைவாயில்களே. சப்போர்ட்டில் இருப்பவருக்குத் தரவு எங்கே, எப்படிப் பழுதாகிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். அதோடு, செயலில் உள்ள வாடிக்கையாளர் யார் என்று விற்பனைப் பிரிவும் நிதிப் பிரிவும் வெவ்வேறு விளக்கம் சொல்லும்போது, இருவரையும் உட்கார வைத்து ஒரே வரையறையை எழுதி வாங்குவதும் இந்த வேலைதான்.

இளம்பிறை:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: அட்வென்ச்சர்வொர்க்ஸை வைத்து டேஷ்போர்டு செய்தவர்கள் ஏராளம் இருப்பார்களே, என்னுடைய திட்டப்பணியை ஏன் ஒருவர் பொருட்படுத்த வேண்டும்?

நன்முல்லை:
டேஷ்போர்டை மட்டும் காட்டினால் பொருட்படுத்த மாட்டார்கள். வேர்ஹவுஸ் வடிவத்தை ஒதுக்கிவிட்டு, அன்றாடப் பதிவு டேட்டாபேஸிலிருந்து ஸ்டார் ஸ்கீமாவை நீங்களே கட்டுங்கள். அங்கே விற்பனை வரியும் சரக்குக் கட்டணமும் ஆர்டரின் தலைப்பு டேபிளில் இருக்கும். பொருள் வாரியான தொகை இன்னொரு டேபிளில் இருக்கும். சரக்குக் கட்டணத்தைப் பொருள்களுக்கு எந்த விகிதத்தில் பிரித்தீர்கள், ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். பொருள் தொகைகளைக் கூட்டினால் தலைப்பு டேபிளில் உள்ள துணைமொத்தத்தோடு பொருந்துகிறதா என்று ஆண்டு வாரியாகச் சரிபார்த்து, அந்த எஸ்கியூஎல்லையும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பங்களைப் படிக்கும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தச் சரிபார்ப்புக் கோப்பைத்தான்.