ஏஜிபி விண்மீன் உறையை இழப்பதும் அதன்பின் ஓடும் கடிகாரமும்

குறுமீன்_நோக்கி

வணக்கம். தொடக்கத்தில் 2 சூரிய நிறை, இப்போது உள்ளகம் 0.6 சூரிய நிறை என்று இருக்கும் ஏஜிபி விண்மீனை (முதுமையில் பேருருவாக உப்பி, உள்ளகத்தைச் சுற்றிய ஹைட்ரஜன், ஹீலியம் ஷெல்களில், அதாவது ஓடுகளில், எரியும் விண்மீன்; அவற்றுக்கு வெளியே உள்ள வாயுதான் உறை) எடுத்துக்கொள்வோம். இரண்டு சந்தேகங்கள்.

ஏஜிபி கட்டத்தை முடித்துவைப்பது எது? ஹைட்ரஜன் ஷெல் உறையை எரித்துத் தீர்ப்பதா, விண்மீனிலிருந்து வீசும் காற்று உறையை வாரிக்கொண்டு போவதா?

அடுத்தது, கோள்ம நெபுலாவின் (ஏஜிபி விண்மீன் உதறிய வாயு ஒளிரும் மேகம்) மைய விண்மீனுக்கு, அதாவது எஞ்சிய உள்ளகத்துக்கு, வயது பார்ப்பது பற்றி. அதே 0.6 உள்ளகத்துக்கு 1990களின் விண்மீன் பரிணாம மாடல் அட்டவணைகள் சொல்லும் காலத்தைப் புதிய அட்டவணைகள் பல மடங்கு குறைத்துவிடுகின்றன. நெபுலாவின் ஆரம் 0.1 பார்செக், விரிவு வேகம் நொடிக்கு 25 கி.மீ. என்றால் சுமார் 3,900 ஆண்டு வருகிறது. இதை எதோடு ஒப்பிடுவது?

ஷெல்_எரிப்பு

காற்றுதான். கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு கிராம் ஹைட்ரஜன் ஹீலியமானால் 6.4×10¹⁸ எர்க் ஆற்றல் கிடைக்கும். உறையில் 70 சதவீதம் ஹைட்ரஜன் என்று வைத்தால், ஒவ்வொரு சூரிய ஒளிர்வுக்கும் ஆண்டுக்கு 1.36×10⁻¹¹ சூரிய நிறை செலவாகிறது. 0.6 உள்ளகத்தின் ஒளிர்வுக்குப் பச்சின்ஸ்கி என்ற வானியலாளரின் உறவு: 59,250 × (உள்ளக நிறை − 0.522), அதாவது சுமார் 4,600 சூரிய ஒளிர்வு. ஆகவே எரிப்பு ஆண்டுக்கு 6.3×10⁻⁸ சூரிய நிறை.

இனி காற்று. விண்மீன் விடும் ஒளி முழுவதும் தன் உந்தத்தை ஒரே ஒரு முறை தூசுக்குக் கொடுக்கிறது, காற்று நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது என்றால், ஆண்டுக்கு 6×10⁻⁶ சூரிய நிறை வெளியேறலாம். எரிப்பைப் போல நூறு மடங்கு! இந்த வேகத்தில் 1.4 சூரிய நிறை உறை 2.3 லட்சம் ஆண்டில் காலி. அதற்குள் உள்ளகத்தில் சேர்வது வெறும் 0.015. (கட்டம் முழுக்க இந்த வீதம் இருக்காது, இது கடைசிக் காலத்துப் பெருங்காற்று.)

காற்றே இல்லையென்று வைத்து மேலே உள்ள உறவை நீட்டிப் பாருங்கள். உள்ளகம் வளர வளர ஒளிர்வும் ஏறுவதால், ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டில் உள்ளகம் 1.4ஐத் தொட்டுவிடும். ஆனால் விண்மீன் கொத்துகளில் இந்தத் தொடக்க நிறைக்குக் கிடைக்கும் வெண்குறுமீன்கள் (உறை போனபின் மிஞ்சும் உள்ளகங்கள்) 0.6ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. எனக்கு இதைவிட நேரடியான சான்று தெரியாது.

காற்று எழ இரண்டும் வேண்டும். மீரா என்ற விண்மீன் 332 நாளுக்கு ஒருமுறை துடிப்பதைப் போன்ற துடிப்பு வாயுவை மேலே தூக்க வேண்டும். அங்கே, இரண்டு மூன்று ஆரத் தொலைவில், வெப்பம் 1,500 கெல்வினுக்குக் கீழே இறங்கித் தூசு உறைய வேண்டும். ஒளி தூசைத் தள்ளும், தூசு வாயுவை இழுத்துக்கொண்டு போகும்.

குறுமீன்_நோக்கி

நன்றி, கணக்கு புரிந்தது. அப்படியானால் கடைசித் துளி உறையையும் காற்றே ஏன் கொண்டுபோகவில்லை?

துடிப்பலை

உறை நூறில் ஒரு பங்கு சூரிய நிறை அளவுக்கு இறங்கியதும் பேருருவைத் தாங்க முடியாமல் சுருங்குகிறது. மேற்பரப்பு சூடேறுகிறது, துடிப்பு அடங்குகிறது, தூசு உறைய இடமில்லை. காற்று படுத்துவிடும்.

அதன்பின் மேற்பரப்பு வெப்பநிலையை முடிவுசெய்வது மிச்ச உறையின் நிறை. அது குறையக் குறைய விண்மீன் சூடாகிக்கொண்டே போகும், 25,000–30,000 கெல்வினில் நெபுலா அயனியாகி ஒளிரும். இப்போது கடிகாரம் பெரும்பாலும் ஷெல் கையில்: மிச்சம் 10⁻³ சூரிய நிறை, எரிப்பு 6.3×10⁻⁸ என்றால் 16,000 ஆண்டு. உள்ளகம் 0.85 ஆனால் ஒளிர்வு 19,400, மிச்சம் 10⁻⁴ என்று வைத்தால் 400 ஆண்டுகூடத் தாங்காது. உள்ளக நிறையில் சிறு பிழை இருந்தாலும் வயது எங்கோ போய்விடும்.

அட்டவணை வேறுபாடும் இதே வகுத்தலில்தான் இருக்கிறது. 2016இல் மில்லர் பெர்டோலாமி வெளியிட்ட மாடல்கள், அதே எச்ச நிறைக்குப் பழையவற்றைவிட 0.1 முதல் 0.3 டெக்ஸ் (பத்தடி மடக்கை அளவு, அதாவது சுமார் 1.3 முதல் 2 மடங்கு) கூடுதல் ஒளிர்வு தருகின்றன. காலம் 3 முதல் 10 மடங்கு குறைகிறது. புதியதையே எடுங்கள். ஆனால் காலக் கணக்கின் சுழியத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்: சிலர் 10,000 கெல்வினில், சிலர் 7,000 கெல்வின் பக்கத்தில் தொடங்குவார்கள். ஏஜிபியிலிருந்து அந்தப் புள்ளிவரை வரும் காலத்தைத் தனியே கூட்ட வேண்டும், ஏனென்றால் உங்கள் 3,900 வாயு கிளம்பிய நாளிலிருந்து ஓடுவது. அதுவும் துல்லியமில்லை, நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் கிளம்பிய வாயுவைப் பின்னால் வந்த வேகக் காற்றும் அயனியாக்கமும் 25க்கு முடுக்கியிருக்கலாம்.

ஒளிபுகாமை

மெசா போன்ற விண்மீன் பரிணாம நிரலில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. 2 சூரிய நிறை விண்மீனில் மூன்றாம் டிரெட்ஜ்-அப் (உள்ளிருந்து பொருளை மேற்பரப்புக்கு அள்ளிவரும் கலப்பு) கார்பனை மேலே கொண்டுவரும். கார்பன் ஆக்சிஜனை மிஞ்சியதும் சுமார் 4,000 கெல்வினுக்குக் கீழே சிஎன், சி₂ போன்ற மூலக்கூறுகளால் ஒளிபுகாமை (வாயு ஒளியைத் தடுக்கும் அளவு) எகிறும், உறை உப்பிக் குளிரும், காற்று பலக்கும். சூரியக் கலவைக்கான தாழ் வெப்ப ஒளிபுகாமை அட்டவணையை அப்படியே விட்டுவைத்தால் விண்மீன் தேவைக்கு மேல் சூடாக இருந்து, காற்று மந்தமாகி, நடக்காத வெப்பத் துடிப்புகளையெல்லாம் (ஹீலியம் ஷெல் திடீரெனப் பற்றி எரியும் நிகழ்வுகள்) மாடல் காட்டும். கார்பன் மாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் தாழ் வெப்ப அட்டவணை (ஈசோப்பஸ் மாதிரி) கட்டாயம்.

உறை மெலிந்த கடைசி வெப்பத் துடிப்புகளில் நேரப்படி (நிரல் ஒரு தடவையில் முன்னேறும் கால அளவு) திடீரென மணிக்கணக்குக்குச் சுருங்கி ஓட்டம் நின்றால், உடனே வலையமைப்பைக் குறை சொல்லாமல் உறையின் அடிப்பகுதியைப் பாருங்கள். 2 லட்சம் கெல்வினை ஒட்டி இரும்பின் ஒளிபுகாமை முகடு இருக்கிறது. அங்கே ஒளிர்வு, ஒளியின் தள்ளல் ஈர்ப்பை மிஞ்சும் எடிங்டன் எல்லையைத் தாண்டி, வாயு அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கும்.

வயதுக் கணக்கில் இன்னொரு பொறி: 0.6 உள்ளகத்தில் இரண்டு வெப்பத் துடிப்புகளுக்கு இடையே சுமார் 70,000 ஆண்டு. அந்தச் சுழற்சியின் கடைசிப் பகுதியில் ஏஜிபியை விட்டு வெளியேறினால், வழியிலேயே ஹீலியம் ஷெல் மறுபடி பற்றிக்கொள்ளும். 1996இல் கண்டுபிடிக்கப்பட்ட சகுராய் விண்மீன் அப்படித்தான், சில ஆண்டுகளிலேயே குளிர்ந்து பேருருவாகித் தூசுக்குள் மறைந்தது. மைய விண்மீனின் நிறமாலையில் ஹைட்ரஜன் இல்லாமல் ஹீலியமும் கார்பனும் மட்டும் தெரிந்தால் மேலே சொன்ன ஹைட்ரஜன் எரிப்பு அட்டவணைகள் எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள்.