பாடசாலையில் பயிர்ப்பாத்தி: கொழும்புத் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு விவாதம்

வல்லாரை (வெள்ளவத்தை)

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் சென்ற கிழமை நான் ஒரு யோசனையை முன்வைத்தேன். தரம் 4 முதல் தரம் 9 வரை கிழமைக்கு இரண்டு பாடவேளைகளைத் தோட்டச் செய்கைக்கும் உணவு பற்றிய கல்விக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே அது. ஆதரித்தவர்களும் இருந்தார்கள், கடுமையாக எதிர்த்தவர்களும் இருந்தார்கள். நேரம் போதாமல் கூட்டம் கலைந்ததால் இங்கே தொடர விரும்புகிறேன்.

என் மகள் தரம் 6 இல் படிக்கிறாள். முருங்கை இலையையும் அகத்தி இலையையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நெல் விதைத்து எத்தனை நாளில் அறுக்கலாம் என்று கேட்டேன். இரண்டு கிழமை என்றாள். மூன்று, நான்கு மாதம் ஒரு குடும்பம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால்தான் ஒரு போகம் வீடு வந்து சேரும் என்பதை அறியாத பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் விடும்போது, அவளை நான் எந்த நியாயத்தில் கண்டிப்பது?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுப்புக்கூடக் கொடுத்தார்கள். எங்கள் அடுக்குமாடியில் பலர் விதை வாங்கி வந்தோம். அதை எந்த ஆழத்தில் இடுவது என்று தெரிந்தவர் ஊரில் வளர்ந்த ஒரு பாட்டி மட்டுமே. படித்தவர்கள் நிறைந்த கட்டடத்தில் அப்படி நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மலைச்சாரல் (கொட்டாஞ்சேனை)

சகோதரிக்கு வணக்கம். கூட்டத்தில் எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆனால் 'தோட்டம்' என்ற சொல் உங்கள் காதிலும் என் காதிலும் ஒரேவிதமாக விழுவதில்லை. யாழ்ப்பாணத்தவருக்குத் தோட்டம் என்றால் செம்மண், கிணறு, வெங்காயம், சொந்த நிலம். மலையகத்தில் பிறந்த எனக்குத் தோட்டம் என்றால் தேயிலை, வரிசை வீடுகளான லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வேலை வாங்கும் கங்காணி. கொழும்பில் மூன்றாவது பொருளும் உண்டு. கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் ஒட்டி ஒட்டி நிற்கும் சிறு வீடுகளின் தொகுதியையும் தோட்டம் என்றுதான் சொல்கிறோம். அங்கே ஒரு செடி வைக்க இடமிருக்காது.

என் அம்மா பத்து வயதில் கொழுந்துக் கூடையைச் சுமந்தார். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். எங்கள் குடும்பம் மண்ணிலிருந்து வெளியே வந்தது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான். அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு மண்வெட்டியை எடு என்று என் மகனிடம் சொல்வதை நான் எளிதாக ஏற்கமாட்டேன்.

இந்த நாடு இதை முன்பும் செய்து பார்த்திருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரதேசத்துத் தொழிலையும் அந்தப் பிரதேசப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது அதன் எண்ணம். விவசாயியின் பிள்ளைக்கு விவசாயம், மீனவரின் பிள்ளைக்கு மீன்பிடி என்றுதான் பெற்றோர் அதைப் புரிந்துகொண்டார்கள். தங்கள் பிள்ளையைத் தங்கள் இடத்திலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடாக அதைக் கண்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1977 இன் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் படித்த பாடசாலையில் பிந்தி வந்தவர்கள் புல் பிடுங்கினார்கள், வீட்டுவேலை செய்யாதவர்கள் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கெட்டிக்காரர்கள் வகுப்புக்குள் இருந்தார்கள். மண் என்பது தண்டனை என்று நாங்கள் கற்றது அந்தப் பாடசாலைத் தோட்டத்தில்தான்.

நிறைகோல் (தெஹிவளை)

உணர்வுகளை ஒருபுறம் வைத்து, இத்திட்டத்தால் பிள்ளைகள் உண்மையில் நன்றாகச் சாப்பிடுவார்களா என்பதைக் கேட்போம். லண்டன் பாடசாலைகளில் தோட்டத் திட்டங்களைச் சோதித்த லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட முடிவு, தோட்டம் மட்டும் பிள்ளைகள் உண்ணும் பழம், மரக்கறியின் அளவைக் கூட்டியதற்குச் சான்று மிகக் குறைவு என்பதே. தரம் 4, 5 பிள்ளைகளின் தலையில் புலமைப்பரிசில் பரீட்சை ஏற்கெனவே நிற்கிறது. எந்தப் பாடத்திலிருந்து இரண்டு பாடவேளைகளை வெட்டப் போகிறீர்கள் என்பதை யோசனையில் நீங்கள் எழுதவில்லை.

அதோடு டெங்கு. 2017 இல் நாடு முழுவதும் 180,000 க்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். மேல் மாகாணம் அதில் பெரும் பங்கைச் சுமந்தது. மழைக்காலத்தில் ஐம்பது பூச்சாடிகளையும் அவற்றின் அடித்தட்டுகளையும் பாடசாலை வளவில் வைத்துவிட்டு, சனி, ஞாயிறில் அதை யார் பார்ப்பது?

வெண்கட்டி (பம்பலப்பிட்டி)

மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மூவரும் சொன்னதில் எனக்கு உடன்பாடும் உண்டு, மறுப்பும் உண்டு.

முதலில், புதிய பாடவேளை தேவையில்லை. ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் இருக்கிறது. தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் இருக்கிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் இருக்கிறது. இருப்பதைக் கரும்பலகையில் எழுதிப் படம் வரைந்து முடித்துவிடுகிறோம் என்பதுதான் குறை. விதை முளைத்தலைப் படத்தில் நிறம் தீட்டி நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளை, ஈரப் பஞ்சில் ஊறிய பயறு வெடிப்பதைக் கண்டு கூச்சலிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நிறைகோல் ஐயா குறிப்பிட்ட ஆய்வின் முடிவை நான் ஏற்கிறேன். தோட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 16 ஆரம்பப் பாடசாலைகளில் நடந்து 2021 இல் வெளிவந்த ஆய்வில், பயிர் வளர்த்தலோடு சமைத்தலையும் போசாக்குப் பாடத்தையும் சேர்த்தார்கள். பிள்ளைகளின் உடல் நிறையில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் மரக்கறி உண்பது ஓரளவு கூடியது. பாத்திக்கும் வாய்க்கும் இடையில் அடுப்பு வேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். என் வகுப்பில் சிவப்பரிசியும் வல்லாரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சுவோம். வீட்டில் தாய் கொடுத்தால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகள், தாங்கள் ஆய்ந்து அரைத்து வடித்த கஞ்சி என்பதால் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிடிக்காதவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் வற்புறுத்தவில்லை, அடுத்த முறை கொஞ்சம் சுவைத்தார்கள்.

கொழும்பில் நிலமில்லை என்பதும் தடையல்ல. சீமெந்து முற்றத்தில் பைகளில் கீரை விதைத்தால் 25, 30 நாளில் பறிக்கலாம். தவணை தொடங்கி இரண்டாம் கிழமை விதைத்தால் ஏப்ரல் விடுமுறைக்கு முன் இரண்டு அறுவடை முடிந்துவிடும். மிளகாயும் கத்தரியும் விடுமுறையில் வாடும் என்பதால் அவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பேன். அடித்தட்டே வேண்டாம், பையின் அடியில் துளையிட்டால் போதும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும் என்பதால், ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளைகளே வளவைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுவது விஞ்ஞானப் பாடமாகவே அமையும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சிற்றுண்டிச்சாலை. என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று வழிகாட்டல்கள் இருக்கின்றன. ஆயினும் பல இடங்களில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுவது எண்ணெயில் பொரித்த ரோல்ஸுக்கும் இனிப்பு பணிஸுக்கும்தான்; வாசலுக்கு வெளியே வண்ணப் பானம். 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக்குறி இடுவது நம் நாட்டில் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. ஒரு பயிற்சி செய்வோம். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் செம்மஞ்சள் குறியையே காட்டும். உள்ளே இருப்பது 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. பிள்ளைகளே அளந்து ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுக் காட்டியபோது வகுப்பு அமைதியானது. சிவப்பில்லை என்றால் குடிக்கலாம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள்.

மலைச்சாரல்

ஆசிரியை அவர்களின் சீனிக் கணக்கை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அது என் மகன் அறிய வேண்டிய பாடம். ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போது விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் யாருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது? புள்ளி குறைந்த பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை பெரும்பாலும் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தளர்த்துவதற்குள் ஒரு போகத்தின் திட்டம் குலைந்தது. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விளைச்சலும் விழுந்தது. கொழுந்து குறைந்தபோது நாட்பேர், அதாவது கூலிக்குக் கணக்கிடப்படும் வேலைநாள், குறைந்தது என் உறவினர்களுக்கு. பயிருக்கு நைதரசன் எங்கிருந்து கிடைக்கிறது, கூட்டெரு எவ்வளவு இட்டால் அதே அளவு கிடைக்கும் என்று கணக்கிடத் தெரிந்த குடிமக்கள் அன்று போதியளவு இருந்திருந்தால் கேள்வி முன்னமே எழுந்திருக்கும். அந்தக் கணக்கைக் கற்பியுங்கள். முதலில் முதல்நிலை மாணவர்களுக்குக் கற்பியுங்கள், ஏனெனில் நாளை கையொப்பமிடப் போகிறவர்கள் அவர்கள்.

சந்தை வழி (பேலியகொடை)

மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவன் நான். புறக்கோட்டையில் இருந்த மனிங் சந்தை இங்கே மாறியதிலிருந்து விடியுமுன்னே என் வேலை தொடங்குகிறது. ஒரு வகுப்பை அழைத்து வாருங்கள். நுவரெலியா கரட்டும் தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறியும் மூட்டையில் இறுக்கி அடைத்து வந்து நசிந்து கொட்டப்படுவதை அவர்கள் பார்க்கட்டும். தோட்டக்காரரிடம் கொடுத்த விலை, லொறிக் கூலி, கழிவு, என் இலாபம், வெள்ளவத்தையில் வாங்கும் விலை ஆகியவற்றை நான் மறைக்காமல் எழுதித் தருகிறேன். கணித ஆசிரியர் அதைப் பாடமாக்கட்டும். பாத்தியில் நிற்கும் செடியை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, விளைவித்தவர் ஏன் கடனில் இருக்கிறார் என்பது விளங்காது.

வல்லாரை

மலைச்சாரல் அண்ணா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தோட்டம் என்ற சொல்லை நான் எழுதியபோது என் அம்மம்மாவின் கிணற்றடி மட்டுமே என் மனதில் இருந்தது. அதே சொல்லின் உள்ளே உங்கள் அம்மாவின் கூடை இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

யோசனையை மாற்றி எழுதியிருக்கிறேன். தலைப்பு 'பயிரும் உணவும்' என்று இருக்கும். மேலதிகப் பாடவேளை கேட்கவில்லை; ஆசிரியை அவர்கள் சுட்டிய பாடங்களுக்குள்ளேயே செய்முறையாக நடக்கும். எல்லாப் பிரிவு மாணவர்களும் சுழற்சி முறையில் பங்கேற்பார்கள், புலமைப்பரிசில் எழுதும் வகுப்பு உட்பட. பறித்தது அன்றே சமைக்கப்படும். எவரையும் தண்டனையாகப் பாத்திக்கு அனுப்பக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதியிருக்கிறேன். சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது பெற்றோர் இருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். இதில் நிர்வாகம் தயங்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிறைகோல்

புலமைப்பரிசில் வகுப்பைச் சேர்ப்பதை நான் இப்போதும் எதிர்க்கிறேன். மற்றவற்றுக்கு ஒரு நிபந்தனையுடன் சம்மதம்: தொடங்கும் முன்னரும் ஓராண்டு கழித்தும் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் என்ன இருந்தது என்று, பெயர் குறிக்காமல் ஒரு கிழமை பதிவு செய்ய வேண்டும். மாற்றம் இல்லையென்றால் அதையும் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மலைச்சாரல்

முதல் விதி எழுத்தில் இருப்பதால் என் எதிர்ப்பை மீளப் பெறுகிறேன். ஆதரவு என்று இன்னும் சொல்லவில்லை. முதல் தவணையில் பாத்தியருகே யார் நிற்கிறார்கள், யார் வகுப்புக்குள் இருக்கிறார்கள் என்பதை வந்து பார்ப்பேன். விதைக்கும் நாளில் அம்மாவையும் அழைத்துவர விரும்புகிறேன். இத்தனை வருடமாகப் பாடசாலை வாசல் வரை என்னைக் கொண்டுவந்து விட்டவர், வகுப்பறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. செடியைப் பற்றி அவரிடம் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்று சொன்னேன். என்ன சேலை உடுத்துவது என்று கேட்டார்.