கறுப்புப் பூனையின் வெள்ளை மீசை நிற்க மாட்டேன் என்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருந்து கேட்கிறேன். அத்தையின் கறுப்புப் பூனையை நீர்வண்ணத்தில் வரைகிறேன். கண்கள் அருமையாக வந்துவிட்டன; மஞ்சளும் பச்சையும் ஈரத்திலேயே கலந்து மின்னுகின்றன. ரோமத்துக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியென்னா பழுப்பும் கலந்த கருமை. சிக்கல் மீசையில்தான்.

காகிதம் ஏ4, சதுர மீட்டருக்கு 300 கிராம், மரக்கூழ் வகை. மீசைக் கோடுகளுக்கு மாஸ்கிங் திரவம் (வண்ணம் படாமல் காத்து, பிறகு உரித்தெடுக்கும் பூச்சு) தீட்டி, காய்ந்தபின் மேலே கருமை பூசுகிறேன். மறுநாள் உரித்தால் காகிதத்தின் மேல்தோலும் கூடவே வருகிறது. ஜனவரிப் புழுக்கத்தில் தாள் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கிறதோ என்று சந்தேகம். ஹேர் டிரையர் பிடித்தேன். திரவம் இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது. வெள்ளை குவாஷில் (ஒளிபுகா நீர்வண்ணம்) கோடிழுத்தேன். அடியிலிருந்த கருமை கரைந்து மீசை சாம்பலாகிவிட்டது, பூனைக்கும் வயது கூடிவிட்டது. கத்தி முனையால் சுரண்டினால் கோடு பிசிறடிக்கிறது. பருத்திக் காகிதம் வாங்கலாம்தான். அதன் விலைதான் மலைக்க வைக்கிறது.

மாதக் கடைசியில் படத்தை அத்தையிடம் கொடுக்க வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் வரைபவர்கள் சொல்லுங்கள்: மரக்கூழ்க் காகிதத்திலேயே மீசையை வெள்ளையாகக் காப்பாற்ற வழி உண்டா, அல்லது பருத்திக்குத்தான் மாற வேண்டுமா?