வீட்டில் வைத்து வண்டி தூக்க லிஃப்ட்: 10,000 ரூபாய்க்குள் உருப்படியாக ஏதாவது உண்டா?

கருங்கல் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. தம்பியோட யமஹா ஆர்15-ம் எங்க வீட்டுலதான் நிக்குது. செயின் கழுவுறது, ஆயில் மாத்துறது, பின்னால பிரேக் லைனர் பார்க்குறது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல நானே செய்வேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை ரெண்டு சீசனும் உண்டே, செயினைத் துரு விடுறதே இல்ல. இப்போ குத்தவச்சு உட்கார்ந்தா எழும்ப முடியல, இடுப்பு பிடிச்சுக்குது. நெட்டுல பார்த்தா பேடாக் ஸ்டாண்டு (கம்பை அமுக்கினா பின்டயரைத் தூக்கி நிறுத்துறது), சிசர் ஜாக்கு (திருகினா கத்தரி மாதிரி எழும்புறது), எண்ணெயில தூக்குற ஹைட்ராலிக், வண்டியை முழுசா மேல ஏத்துற டேபிள் லிஃப்ட்னு என்னென்னவோ கிடக்கு. போர்ட்டிகோ வழவழ டைல்ஸ், தண்ணி ஓட வாட்டம் விட்டிருக்கு. முற்றம் இன்டர்லாக் கல்லு. 10,000 ரூபாய்க்குள்ள எது வாங்கலாம்?

ஆரல் காத்து:

ஆர்15-க்கு பேடாக் ஸ்டாண்டு போதும் சார். 2,000, 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். ஒரே ஒரு விஷயம், ஸ்டாண்டுல நிக்குற வண்டிக்கு கவர் போட்டு மூடிட்டு வெளிய போகாதீங்க. எங்க ஆரல்வாய்மொழியில ஆனி ஆடிக் காத்துக்கு அந்த கவரு பாய்மரம் கணக்கா விரிஞ்சு வண்டியையே சாய்ச்சிரும். கருங்கல்ல அந்தக் காத்து இருக்காது, இருந்தாலும் சொல்லி வைக்கேன்.

தக்கலை பட்டறை:

சார், மொதல்ல ஒண்ணு கேக்கட்டு. உங்களுக்குத் தூக்க வேண்டியது டயரையா, வண்டியையா? ரெண்டும் வேற வேற சோலியாக்கும்.

டயரு தரையை விட்டு ரெண்டு விரக்கடை எழும்பினா போதும்ணா, கிளாசிக்குக்கு லிஃப்டே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு இருக்குல்லா, அதுல போட்டா பின்டயரு தானே சுத்தும். செயின், லைனர், பின் டியூப்பு எல்லாத்துக்கும் அது போதும். முன்டயரைக் கழத்தணும்ணா மட்டும் சென்டர் ஸ்டாண்டுல போட்டுட்டு, முன்னால அடியில ஒரு சின்ன சிசர் ஜாக்கு வச்சுத் தாங்கணும்.

அந்த ஜாக்கு வாங்குறதுக்கு முந்தி வண்டிக்கு அடியில ஒரு டார்ச்சு அடிச்சுப் பாருங்க. ஸ்பிளெண்டர், பழைய பல்சர் மாதிரி வண்டிக்கு சேசிஸ் பைப்பு ரெண்டும் இன்ஜினுக்கு அடியில கூடிப் போகும், ஜாக்கு அதுல தைரியமா முட்டும். உங்க 2014 கிளாசிக்குல முன்னால ஒத்தை பைப்பு இறங்கி வந்து இன்ஜின்ல முடிஞ்சிரும், அதுக்கு அப்புறம் இன்ஜினே சேசிஸாக்கும். அப்போ ஜாக்கு போய் முட்டுறது அலுமினியத்துல. ஆயிலை இறக்கி விடுற டிரெயின் போல்ட்டும் அங்கதான் இருக்கு. ஆயில் மாத்தத் தூக்கிட்டு, டிரெயின் போல்ட்டு மேலயே ஜாக்கை வச்சிட்டு நிக்குற ஆளுகளை நான் பார்த்திருக்கேன். அதனால ஜாக்கு தலைக்கும் இன்ஜினுக்கும் இடையில ஒரு அயனிப் பலகை, ஒண்ணரை இஞ்சு கனம், போல்ட்டு வார இடத்துல வட்டமா குடைஞ்சு எடுத்தது. மேல பழைய லாரி டியூப்பு ஒட்டிக்கிடுங்க. பலகை பாரத்தைப் பரத்தி விடும், டியூப்பு வழுக்காது. வண்டியை முழுசா அந்த ஜாக்குல தொங்கப் போடாண்டாம், முன்பக்கத்தைத் தாங்க மட்டும்தான் அது.

ஆர்15-க்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அடியில சைலன்சரும் ஃபேரிங்கும் (பிளாஸ்டிக் மூடி) கிடக்கதால ஜாக்கும் போவாது. அதுக்கு பேடாக்குதான். பின்டயரைப் பிடிச்சு நிக்குற பின் ஃபோர்க்குல ஸ்பூல் (ஸ்டாண்டு கொளுவுற உருளை) முறுக்க ஓட்டை இருந்தா ஸ்பூல் போட்டே தூக்குங்க. ரப்பர் தட்டு வச்ச எல் மாடல் எல்லா வண்டிக்கும் சேரும்ண்ணு விப்பான், ஆனா ஒரு பக்கம் பதியாம இருந்தா அப்பமே சரியும். ஸ்டாண்டுக் கம்பை அமுக்கும்போது வண்டி கொஞ்சம் பொறத்தால உருளும், அதனால பின்னால இடம் விடணும், முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கக் கூடாது. ஏறின பொறவு பிரேக் லீவரை சைக்கிள் டியூப்புத் துண்டால கைப்பிடியோட சேர்த்துக் கெட்டுங்க. கியர்ல போட்டாச்சுண்ணு நம்பி நிக்காதீங்க சார், பின்டயரு அந்தரத்துல இருக்கும்போது கியர் எதைப் பிடிக்கும்?

டயரோட நடு அச்சுல உள்ள ஆக்ஸில் நட்டு இறுக்கமா இருந்தா தூக்குறதுக்கு முந்தியே, ரெண்டு டயரும் தரையில இருக்கும்போது லூசாக்கணும். தூக்கி வச்சிட்டு நீளப் பைப்பு மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினா வண்டி ஸ்டாண்டை விட்டுச் சாடிரும். பொறவு எத்தனை ரூபா ஸ்டாண்டா இருந்து என்ன செய்ய?

கருங்கல் வாத்தியார்:

அண்ணே, இவ்வளவு விவரமா சொன்னதுக்கு நன்றி. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஒத்தை பைப்புதான். ஆனா எனக்கு உண்மையிலேயே வேண்டியது வண்டி மேல வரணும், நான் ஸ்டூல்ல உட்கார்ந்து வேலை செய்யணும். அதுக்கு டேபிள் லிஃப்ட்தானா? உங்க பட்டறையில ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?

தக்கலை பட்டறை:

ரீல்ஸ்ல பார்த்துட்டு இதே கேள்வியோட வாரவங்க நிறைய. கத்தரி மாதிரி மடங்குற டேபிள் லிஃப்ட்டை நான் அடிச்சுத் தாறது இல்ல சார். அந்த லிஃப்ட்டோட நாலு கையிலயும், கைகளைச் சேர்க்குற இரும்புப் பின்னு போடுற ஓட்டை ஒரே அளவுல விழணும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் மேல போகப் போக தட்டு ஒரு பக்கம் சாயும், 190 கிலோ வண்டி அதுக்கு மேல நிக்கும், நீங்க கீழ ஸ்டூல்ல. வேண்டாம்.

கம்பெனி லிஃப்ட்டு வாங்கலாம், ஆனா நல்லதா ஒண்ணு 10,000-க்கு வராது. சர்வீஸ் கடை மூடுறவங்க கிட்டயோ ஆக்கர் கடையிலயோ (பழைய இரும்புக் கடை) பழசு கிடைச்சா, பெயிண்ட்டைப் பார்க்காண்டாம், பின்னுகளைப் பாருங்க. கையால பிடிச்சு ஆட்டினா தட்டு அங்கோட்டு இங்கோட்டு போகுதாண்ணு பார்க்கணும். பொறவு ஒரு வண்டியை ஏத்தி, பாதி உயரத்துல நிறுத்தி, தட்டு நிக்குற உயரத்துக்குப் பக்கத்துச் சுவர்ல சாக்பீஸால கோடு போட்டுட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. கோட்டுக்குக் கீழ இறங்கி இருந்தா எண்ணெயை அடைச்சு வைக்குற சீல் போயாச்சு. சீல் மாத்திக்கிடலாம், அது பெரிய செலவு இல்ல. ஆனா லாக் கம்பி இல்லாத லிஃப்ட்டை சும்மா தந்தாலும் எடுக்காதீங்க. எண்ணெய் தூக்கத்தான், தாங்குறதுக்கு இரும்பு வேணும். லாக்கு போட்டு, பாரத்தை அதுல இறக்கி வச்ச பொறவுதான் கீழ கை நீட்டணும்.

இறக்குமதி சரக்குல பவுண்டுல எழுதியிருக்கும். 1,000 பவுண்டுண்ணா ஏறத்தாழ 450 கிலோ. உங்க ரெண்டு வண்டிக்கும் அது தாராளம், அதுக்கு மேல ஆசைப்பட வேண்டிய அவசியம் இல்ல.

லிஃப்ட்டே 100 கிலோவுக்கு மேல இருக்கும், ஏழடி நீளம். இன்டர்லாக் கல்லுல வச்சா மண்ணுக்குள்ள இறங்கி ஒரு மூலை தாழும். உங்க போர்ட்டிகோவுல வச்சா வாட்டம். வாட்டத்துக்கு நேரா வச்சு, முன்டயரு மேட்டுப் பக்கம் வராம பள்ளத்துப் பக்கம் வாற மாதிரி, டயரு கிளாம்புல போய் முட்டுற மாதிரி ஏத்தினா ஒருவிதமா சமாளிக்கலாம். குறுக்க வச்சா சத்தியமா சரியும். அதோட கிளாம்பை மட்டும் நம்பாம, ஃபோர்க்கு கீழ் டி-யில (முன் ஃபோர்க்கு ரெண்டையும் சேர்த்துப் பிடிக்குற கீழ்த் தட்டு) ரெண்டு பக்கமும் ராட்செட் பெல்ட்டு போட்டுக் கெட்டணும். ஃபோர்க்கு பாதி அமுங்கினா போதும்.

நான் உங்களுக்கு வேற ஒண்ணு சொல்லட்டா? வண்டியைத் தூக்குறதுக்குப் பதிலா உங்களைத் தாழ்த்துங்க. ஒரு ஜாண் உயரத்துல, நாலு சக்கரம் வச்ச ஸ்டூல்லு அடிச்சுத் தாறேன், மேல பழைய சோபா பஞ்சு. குத்தவைக்கவும் வேண்டாம், எழும்ப கை ஊணவும் அடியிலயே ஒரு தட்டு இருக்கும், ஸ்பேனரும் அதுல கிடக்கும். செயின் வேலைக்கும் லைனர் வேலைக்கும் அது தாராளம். ஆயிலுக்கு மட்டும்தான் குனியணும், அது எத்தனை மாசத்துக்கு ஒருக்கா?

குளச்சல்காரன்:

வாத்தியார் சார், ஹைட்ராலிக் எதை வாங்கினாலும் வேலை முடிஞ்ச உடனே முழுசா கீழ இறக்கி வைங்க. ராடு வெளிய நீண்டு நின்னா உப்புக்காத்துல குரோம் பொட்டுப் பொட்டா அரிச்சிரும், அடுத்த தடவை உள்ள போகும்போது அந்தச் சொரசொரப்பு சீலைக் கிழிச்சிரும். எங்க பக்கத்துல ஜாக்கு லீக்காகுறது பெரும்பாலும் இதனாலதான். சிசர் ஜாக்குண்ணா திருகுல கிரீஸ் அப்பிட்டு பழைய பாலித்தீன் கவர் சுத்தி வைங்க.

கருங்கல் வாத்தியார்:

ஸ்டூல் யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணே. வீட்டுல சொன்னதும் "இதை மொதல்லயே யோசிச்சிருக்கலாம்லா"ன்னு ஒரே சிரிப்பு. அப்போ ஸ்டூல், ஆர்15-க்கு ஸ்பூல் வச்ச பேடாக், ஒரு சிசர் ஜாக், அயனிப் பலகை. 10,000-க்குள்ள வந்துரும்னு நினைக்கேன். சக்கரம் வச்ச ஸ்டூல் அந்த டைல்ஸ் வாட்டத்துல உருண்டு போயிராதா?

தக்கலை பட்டறை:

ரெண்டு சக்கரத்துல பிரேக் உள்ளதா போட்டுத் தாறேன். வரும்போது கிளாசிக்குலயே வாங்க, பலகைக்கு டிரெயின் போல்ட்டு அளவு எடுக்கணும். திங்கக்கிழமை வேண்டாம், அண்ணைக்கு கரண்டு இருக்காதுண்ணு சொல்லிருக்காங்க.