கலோனி உப்பளத்தில் ஏப்ரல் 30

வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐப்பசியில் வந்து பங்குனியில் கிளம்பிவிடும் கரைப்பறவைகளைச் சாம்பலும் வெள்ளையுமான குளிர்கால உடையில்தான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். கோடியக்கரையை விட்டுப் போன பிறகு அவை எப்படி இருக்கும் என்பதைப் படங்களில் மட்டுமே கண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதியில் கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவில் ஒரு வாரம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாரத்தின் ஒரே ஒரு நாளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கிழக்கு ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் திரும்பும் பறவைகள் சகாராவையும் மத்தியதரைக் கடலையும் கடந்து வரும் வழியில், துருக்கிக் கரையை ஒட்டி இந்தத் தீவு கிடக்கிறது. தீவைக் குடைந்துகொண்டு உள்ளே வரும் கலோனி வளைகுடாவுக்கு ஆழம் குறைவு. அதன் கரையில் பெரிய உப்பளம் ஒன்று உண்டு. கோடையில் வற்றிவிடும் சிற்றாறுகளில் ஏப்ரலில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வானம் தெளிவாக இருந்து காற்றும் துணை செய்தால் பறவைகள் நிற்காமல் மேலேயே கடந்து போய்விடும். வடகாற்று எதிர்த்து வீசி மழையும் பிடித்துக்கொண்டால் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். ஆகவே பறவை நோக்குகிறவர்களுக்கு அங்கே மோசமான வானிலையே நல்ல நாள். 29ஆம் தேதி இரவு முழுவதும் வடகாற்றோடு மழை பெய்தது. விடுதி அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு முன்பே உப்பளத்துச் சாலையில் வண்டியை நிறுத்தினோம். கதவைத் திறக்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். மனிதன் இறங்கி நின்றால் எழுந்து பறக்கும் கூட்டம், வண்டிக்குள் இருப்பவனைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியை இறக்கியதும் முதலில் வந்தது வாசனை. உப்பும் சேறும் கலந்த அந்த வாசனையில் ஒரு கணம் அகத்தியம்பள்ளி உப்பளச் சாலையில் இருப்பதாகவே தோன்றியது. தொலைவில் பூநாரைகள் வரிசையாகத் தலையை நீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நெடுங்கால் உள்ளான்கள் கத்திக்கொண்டே இருந்தன. அருகிலிருந்த பாத்தியின் விளிம்பில், பத்து மீட்டர்கூட இல்லாத தூரத்தில், செங்கல் நிறத்தில் ஒரு கூட்டம் இரை தேடிக்கொண்டிருந்தது.

கீழ்நோக்கி வளைந்த அந்த அலகைப் பார்த்த பிறகுதான் அவை கர்லூ உள்ளான்கள் என்று உறைத்தது. கோடியக்கரையில் ஆயிரக்கணக்கில் பார்த்த பறவையை முதல் பார்வையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம், மார்பு, வயிறு எல்லாம் சுட்ட செங்கல்லின் சிவப்பு. முதுகில் கருப்பும் செம்பழுப்பும் வெண்மையும் செதில் செதிலாக அடுக்கியிருந்தன. சிலவற்றில் சிவப்பு இன்னும் முழுதாக ஏறாமல், பழைய வெள்ளை இறகுகள் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. இவை நம் கடற்கரையிலிருந்து வந்தவை அல்ல, ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்தவை. ஆனால் இவையும் கோடியக்கரையிலிருந்து கிளம்பியவையும் கூடு கட்டுவது சைபீரியாவின் துருவக் கரையோரத்தில்தான். அந்த நேரத்தில் அவற்றின் உறவினர்களும் எங்கோ ஓர் ஆசியக் கரையில் இப்படிச் சிவந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு பேதை உள்ளான் ஆண், கழுத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் பிடரி இறகுகள் முளைத்த நிலையில் நின்றது. ஊரில் அதை எந்தச் சிறப்பும் இல்லாத பழுப்புப் பறவை என்று கடந்து போயிருக்கிறேன்; இனிமேல் அப்படிப் போக முடியாது.

ஒன்பது மணிக்குள் பொரி உள்ளான், கொசு உள்ளான், மீசை ஆலா, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த செங்கால் வல்லூறுகள் எனக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. பிறகு மெதோஹி ஏரிக்குச் சென்றோம். நாணல் ஓரத்தில் ஒரு சிறு கானாங்கோழி, எங்களைக் கண்டுகொள்ளாமல், மிதந்த தழைகளின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடந்தது. நீலச்சாம்பல் மார்பு, பச்சை அலகு, அலகின் அடியில் ஒரு துளி சிவப்பு. அதற்காகவே இருபது நிமிடம் அசையாமல் நின்றோம்.

நண்பகலுக்குப் பிறகு தீவின் மேற்கு முனையில், சிக்ரிக்கு அருகிலுள்ள ஃபனெரோமெனிக்குப் போனோம். கடலைக் கடந்து களைத்து வரும் சிறு பறவைகள் முதலில் கண்ணில் படும் பசுமையில் இறங்கும் இடம் அது. கல்சுவரின் மேல், என் கைக்கெட்டும் தூரத்தில், ஓர் உட் வார்ப்ளர் உட்கார்ந்திருந்தது. இந்தக் கதிர்க்குருவியின் எடை ஏறத்தாழ 10 கிராம்தான். எலுமிச்சை மஞ்சள் தொண்டை, பட்டுப் போன்ற வெண்மையான வயிறு. காற்று வயிற்று இறகை விலக்கியபோது நெஞ்செலும்பின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. சேர்த்து வைத்த கொழுப்பு தீர்ந்த பிறகு இப்பறவைகள் தங்கள் தசையையே எரித்துத்தான் கடைசித் தூரத்தைக் கடக்கின்றன. கண்ணை மூடும், திறக்கும், ஒரு பூச்சியைப் பிடிக்கும், மறுபடியும் மூடும். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடிப் பறவைகள் சட்டவிரோதமாகக் கொல்லப்படுகின்றன என்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு 2015இல் மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பல முறை படித்திருக்கிறேன். இவ்வளவு தூரம் வந்து சுவரில் கண்ணயரும் ஓர் உயிருக்கு வலையும் பசைக்குச்சியும் வைக்கும் கை எப்படிப்பட்டது என்று அன்றுதான் கோபத்தோடு கேட்டுக்கொண்டேன். நாங்கள் பின்னோக்கி மெல்ல நடந்து விலகினோம்.

மாலை திரும்பும் வழியில் கல்மலைச் சரிவில் ஒரு பாட்டுக் கேட்டது. தயங்கிய இரண்டு மூன்று கரகரப்பான ஒலிகளில் தொடங்கி, வேகம் பிடித்து, கனிந்து இறங்கும் பாட்டு. வேலிக்கம்பியில் கருந்தலை பண்டிங் ஆண் ஒன்று இருந்தது. தலை முழுவதும் கருமை, முதுகு செம்பழுப்பு, தொண்டை முதல் வயிறு வரை கலப்பில்லாத மஞ்சள். அன்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. இது மட்டும் கிழக்கே இந்தியாவிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் கூடு கட்டி இந்தியாவில் குளிர்காலம் கழிக்கும் மிகச் சில பறவைகளில் இதுவும் ஒன்று. இரண்டாண்டுகளுக்கு முன் தை மாதத்தில் சோலாப்பூர் அருகே ஒரு சோள வயலில், தலையின் கருமையைப் பழுப்பு நுனிகள் மறைத்திருக்க, இவ்வினத்தின் பெரிய கூட்டம் ஒன்று கதிர்களில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவை பாடவில்லை. உள்ளூர் விவசாயி தகரத்தைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அந்த வயலுக்கும் இந்தக் கம்பிக்கும் இடையே 5,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் இருக்கிறது.

பெண் பறவைகள் இன்னும் வந்து சேரவில்லை போலும். சரிவின் மறுபக்கத்தில் ஓர் ஆலிவ் மரத்திலிருந்து இன்னோர் ஆண் பதில் பாடியது. முதலாவது கழுத்தை நீட்டிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மறுபடியும் அந்தக் கரகரப்பிலிருந்து தொடங்கியது. வெளிச்சம் மங்கி மஞ்சள் நிறம் தெரியாமல் போகும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.