கோவளத்தில் எடுத்த சர்ஃபிங் படங்கள்: ஆள் கறுப்பு, நுரை வெள்ளை. எங்கே தப்பு?

காரைக்குடி கேமராக்காரன்:
எனக்குத் தொழில் கல்யாணப் படம். வளவு வீட்டு முற்றத்தில் மேலேயிருந்து இறங்கும் வெளிச்சத்தில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி எடுத்தே பழகியவன். வைகாசியில் சென்னையில் ஒரு முகூர்த்தம் முடித்து, மறுநாள் விடியலில் சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம் போனேன். அலை ஒவ்வொன்றும் கண்ணாடி போல எழுந்து ஓரத்திலிருந்து சீராக உடைந்து வந்தது, மீனவர் வீட்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் அதில் வழுக்கி வந்ததைப் பார்த்தால் கிளம்பவே மனசு வராது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் 900 படத்தில் தேறியது 4. மற்றதில் ஆள் கறுப்பு, நுரை சுண்ணாம்புச் சுவர், பாதியில் போர்டின் மூக்கே இல்லை. 70-200 ஜூம் லென்ஸ், ஷட்டர் 1/500 நொடி.

உப்புக்காற்று:
தம்பி, பாதித் தப்பு சூரியன் மேல். நம்ம கரை கிழக்கு பார்த்தது. காலையில் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றுதான் அலையின் முகத்தை வழவழப்பாக நிமிர்த்தி வைக்கும், ஆனால் அந்த நேரம் வெயில் நேரே லென்ஸுக்குள் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் வெயில் முதுகுக்கு வந்துவிடும், அதற்குள் கடற்காற்று எழுந்து அலையைக் கலைத்துவிடும். அதனால் முதல் அரைமணி ஆளைக் கறுப்பாகவே விட்டு வானத்துக்கு வெளிச்ச அளவு வையுங்கள். அப்புறம் கரையோடு வடக்கே நடந்து, தெற்கு பார்த்து எடுங்கள். இந்த மாசங்களில் சூரியன் வடகிழக்கே உதிப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் கிடைக்கும். ஷட்டர் 1/1000க்குக் கீழே வேண்டாம். நுரை வெளுக்காமல் இருக்க உள்ளே விழும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து, ஜேபெக்காக இல்லாமல் RAW கோப்பாக எடுங்கள். மூக்கு வெட்டுப்படுவது ஜூம் ஆசையால்தான், ஆள் போகும் பக்கம் இடம் விடுங்கள்.

தேவகோட்டை:
ஏண்ணே, தொண்டி பக்கத்தில் இருக்க கோவளம் வரைக்கும் எதற்கு?

உப்புக்காற்று:
தொண்டியில் மீன் வாங்கலாம். சர்ஃபிங் அலை வராது. தென்மேற்குப் பருவக்காற்று மாசங்களில் இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து கிளம்பி வரும் அலையை இலங்கை குறுக்கே நின்று மறித்துவிடும், பாக் நீரிணையில் ஆழமும் குறைவு. தெற்கேதான் வேண்டுமென்றால் மணப்பாடு போங்கள்.

பழைய நிக்கான்:
ஒன்று விட்டுப்போச்சு. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும், அரைமணி முன்னாலேயே பையோடு வெளியே வையுங்கள். உப்புச் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். நான் வேட்டி நுனியால் துடைத்து ஒரு ஃபில்டரைக் கெடுத்திருக்கிறேன்.

காரைக்குடி கேமராக்காரன்:
அண்ணே, இப்போதுதான் எடுத்து நேரம் பார்த்தேன். தேறிய 4 படமும் முதல் அரைமணியில் எடுத்தது, நாலிலும் ஆள் கறுப்புதான்! சரி, ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மாதான் கிடக்கும். அப்போது போய் வடக்கே நடந்து பார்க்கிறேன்.